கடைக்கு ஆள் தேவை: என்ன தெரிந்த ஆள்?

கடைவீதியில் எந்தப் பக்கம் நடந்தாலும் "வேலைக்கு ஆள் தேவை" என்ற அட்டை தொங்குகிறது. மளிகை, ஜவுளி, பாத்திரம், எலக்ட்ரிகல், இரும்பு என்று வித்தியாசமில்லை. மண்டியிலும் இதே பேச்சுதான். அதே ஊரில், சில சமயம் அதே தெருவில், பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை கிடைக்கவில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆள் இல்லை என்பது நம் குறை. வேலை இல்லை என்பது அவர்கள் குறை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது எப்படி?

அந்த அட்டையை இன்னொரு முறை படித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆள் தேவை என்று எழுதுகிறோமே தவிர, என்ன தெரிந்த ஆள் தேவை என்று நாம் எழுதுவதில்லை. வருகிறவர் கொண்டுவரும் காகிதமும் அப்படியே. பி.காம். என்று இருக்கும்; மதிப்பெண் இருக்கும்; கீழே "டாலி தெரியும்" என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பையனுக்குக் கொள்முதல் பில்லைப் பார்த்து வரி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று சொல்லத் தெரியுமா? குடோனில் இருக்கும் சரக்கையும் கம்ப்யூட்டர் காட்டும் சரக்கையும் ஒப்பிட்டு வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியுமா? காகிதம் ஒன்றும் சொல்லாது. தெரிந்தவர் சொன்னார் என்று சேர்த்துக்கொள்கிறோம். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிகிறது, தெரியும் என்பதற்கு அவருடைய அர்த்தம் வேறு, நம்முடைய அர்த்தம் வேறு என்று. அதற்குள் அவரும் சலித்துப் போயிருப்பார்.

இந்த இடைவெளியை அடைக்க உலகம் முழுவதும் இப்போது பேசப்படும் வழிக்கு ஆங்கிலத்தில் மைக்ரோ கிரெடென்ஷியல் என்று பெயர். பெயர் பெரிது, சங்கதி சிறிது. மூன்று வருடப் படிப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டம் தருவது போலன்றி, குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யத் தெரியும் என்பதற்கு மட்டும் தனியாக ஒரு சான்று. படிக்க ஆவது சில மணி நேரம், அல்லது சில வாரம். சோதித்துப் பார்த்த பிறகே கொடுப்பார்கள். ஒன்றை வாங்கிய பிறகு இன்னொன்று, அதற்கு மேல் வேறொன்று என்று சேர்த்துக்கொண்டே போகலாம். நாம் இதைக் குறுஞ்சான்று என்று சொல்லிக்கொள்வோம்.

நமக்குப் பழகிய சரக்குதான்

புதிதாக ஏதோ வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது என்று யாரும் மலைக்க வேண்டாம். நம் ஊர்களில் குறுஞ்சான்று பல தலைமுறையாக இருக்கிறது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் என்று சொன்னால் உறுப்பினர்களில் வயதானவர்களுக்கு உடனே புரியும். லோயர் பாஸ் என்றால் நிமிடத்துக்கு 30 சொல் அடிப்பார். ஹையர் பாஸ் என்றால் 45 சொல். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், அப்பா என்ன செய்கிறார் என்ற விசாரணை எல்லாம் வேறு காரியத்துக்கு. கடிதம் அடிக்க ஆள் வேண்டுமா, ஹையர் பாஸ் செய்த ஒருவரை வைத்துக்கொண்டால் மறுநாள் காலையே வேலை நடக்கும்.

அந்தச் சான்றுக்கு அவ்வளவு மரியாதை எப்படி வந்தது என்று யோசித்தால், இன்றைக்குப் பெரிய அறிக்கைகளில் எழுதுவதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. கற்றுக்கொடுத்தது தெருமுனையில் இருந்த தனியார் இன்ஸ்டிடியூட். தேர்வு நடத்தியது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. கற்றுக்கொடுத்தவர் கையில் மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லை. அடிக்கத் தெரிந்தால் பாஸ், இல்லாவிட்டால் அடுத்த முறை. கடைசியாக ஒன்று: வேலை கொடுப்பவர்கள் அந்தச் சான்றைக் கேட்டார்கள். "டைப் ஹையர் தெரிந்தவர் தேவை" என்று விளம்பரத்தில் போட்டார்கள். கேட்டதால்தான் பிள்ளைகள் காலை ஆறு மணிக்கு எழுந்து இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடினார்கள். இன்றைக்கும் அரசுப் பணியில் தட்டச்சர் பதவிக்கு அந்தச் சான்று கேட்கப்படுகிறது. இன்றைக்கும் பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்கள்.

1918-ல் சென்னையில் தொடங்கி வளர்ந்த ஹிந்தி பிரசார சபையின் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று படிப்படியாக ஏறும் தேர்வுகளும் இந்த வகைதான். மொழி அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவர் மத்யமா பாஸ் என்றால் எவ்வளவு தெரியும் என்று கேட்பவருக்குக் கணக்கு இருந்தது.

நம் தொழிலுக்குள்ளேயே பார்த்தால் இன்னும் பழைய முறை ஒன்று உண்டு. பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் பையன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேருவான். பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகு கடையையே பார்த்துக்கொள்ளும் மேலாள், ஏஜண்டு. படி ஏற ஏறப் பொறுப்பும் சம்பளமும் ஏறும். பெட்டியடிப் பையன் என்றால் இவ்வளவு தெரியும், அடுத்தாள் என்றால் பேரேடும் வட்டிக் கணக்கும் தெரியும் என்று எல்லாருக்கும் ஒரு பொது அளவு இருந்தது. காகிதம் கிடையாது. யாரிடம் எத்தனை வருடம் இருந்தான் என்பதே சான்று. ஒருவரை ஒருவர் தெரிந்த வட்டத்துக்குள் அது போதுமானதாக இருந்தது. இன்று நம் கடைக்கு வேலைக்கு வருகிறவர் எந்த மாவட்டம், எந்த மாநிலம் என்றே சொல்ல முடியாது. தெரிந்தவர் சொல்லும் வார்த்தை அவ்வளவு தூரம் போவதில்லை.

முத்திரை குத்துவது யார்?

வியாபாரிகளுக்கு இதைத் தராசு வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். எடை போடும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம். தராசு செய்த கம்பெனியே முத்திரையும் குத்திக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தால் அந்த முத்திரையை யார் நம்புவார்கள்? நகைக்கும் அப்படியே. 2021 ஜூன் 16 முதல் மாவட்டம் மாவட்டமாக ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து அடையாளக் குறி வேண்டும் என்று ஆனது. வாங்குகிறவர் அந்தக் குறியைச் செல்போனில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நகை செய்தவர் வேறு, உரசிப் பார்த்து முத்திரை வைப்பவர் வேறு. முத்திரை உண்மையா என்று பார்க்க வாங்குகிறவருக்கும் வழி உண்டு.

சான்றிதழுக்கும் இந்த இரண்டு நிபந்தனைகளும் வேண்டும். இவை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் நாடு ஏற்கெனவே செலவு செய்து தெரிந்துகொண்டது. 2013-ல் மத்திய அரசு, திறன் பயிற்சி முடித்துச் சான்று வாங்குகிறவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய் பரிசு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2015 ஜூலையில் பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா வந்தது. சான்று எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஏறியது. வேலை கிடைத்தவர்கள் எண்ணிக்கை அந்த வேகத்தில் ஏறவில்லை. 2016-ல் மத்திய அரசே அமைத்த சாரதா பிரசாத் குழு, இலக்கு எண்ணிக்கையைத் துரத்துவதில் தொழில் நடத்துகிறவர்களின் தேவை பின்னுக்குப் போய்விட்டது என்றும், தரம் வகுக்கிற இடத்தில் சொந்த லாபம் கலந்துவிடுகிறது என்றும் தாட்சண்யம் இல்லாமல் எழுதியது. தொகையைச் சான்றுக்குக் கொடுத்தால் சான்று உற்பத்தியாகும். இதை ஒரு குழு அமைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கமிஷன் வியாபாரம் செய்கிற எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு கொஞ்சம் திருத்தம் நடந்திருக்கிறது. 2018-ல் அமைக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்விப் பயிற்சிக் குழுமம், சான்று வழங்கும் அமைப்புக்கும் சோதித்துப் பார்க்கும் அமைப்புக்கும் தனித்தனியாக அங்கீகாரம் கொடுக்கிறது. சான்றிதழை டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளவும், க்யூ.ஆர். குறியை வைத்துச் சரிபார்க்கவும் வழி வந்திருக்கிறது. 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, பள்ளிக்கூடம், கல்லூரி, தொழிற்பயிற்சி மூன்றையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தது. முப்பது மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். இன்று கடையில் நின்றுகொண்டே ஒரு குறுஞ்சான்று வாங்குகிற பையன், நாளைக்கு டிப்ளமாவோ பட்டமோ படிக்கப் போனால் அதை வரவு வைத்துக்கொள்ள இடம் உண்டு என்பது இதன் உட்பொருள். ஏட்டில் இருப்பது எவ்வளவு தூரம் கவுண்டருக்கு வந்து சேரும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் நியூசிலாந்து இதை 2018-லேயே தன் தேசியக் கல்வித் தகுதி முறைக்குள் சேர்த்துவிட்டது. அங்கே குறுஞ்சான்று நாற்பது கிரெடிட்டுக்கு மேல் போகக் கூடாது. அவர்கள் கணக்கில் ஒரு கிரெடிட் பத்து மணி நேரம். நமக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு புதிய குறுஞ்சான்றுக்கு ஒப்புதல் கேட்கிறவர், இது வேண்டும் என்று தொழில் நடத்துகிறவர்களோ அந்த வட்டாரத்து மக்களோ கேட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, இன்னும் தேவை இருக்கிறதா என்று திரும்பப் பார்க்க வேண்டும். பாடத்தை எழுதுகிறவர் முதலில் கடைக்காரரிடம் வந்து கேட்க வேண்டும் என்று விதியே இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

நம்மை யார் கேட்டார்கள்?

இந்தியாவில் சில்லறை வணிகத்துக்கென்று ஒரு திறன் குழுமம் இருக்கிறது. கேஷியர், விற்பனை உதவியாளர், ஸ்டோர் உதவியாளர், டீம் லீடர், விநியோகஸ்தர் விற்பனையாளர் என்று ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன தெரிய வேண்டும் என்று தரம் வகுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தரங்களைப் படித்தால் பெரிய தொடர் கடைகளின் வாசனை வீசுகிறது. ஷெல்பில் அடுக்குவது, வாடிக்கையாளரை வரவேற்பது, பார்கோடு ஸ்கேன் செய்வது எல்லாம் இருக்கும். மிளகாய் மூட்டையில் கைவிட்டுப் பார்த்து ஈரம் சொல்வது, துவரம் பருப்பில் ரகம் பிரிப்பது, போன வாரம் வந்த அரிசியையும் இந்த வாரம் வந்த அரிசியையும் தொட்டே வித்தியாசம் காண்பது, பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் மனம் கோணாமல் கேட்டு வாங்குவது, இவற்றுக்குத் தரம் வகுத்தவர் யார்? இந்த வேலைகள்தான் நம் கடையை நடத்துகின்றன. இவற்றில் தேர்ந்தவர் இல்லாத மளிகைக் கடை ஆறு மாதம் தாங்காது.

அவர்கள் வேண்டுமென்று விட்டுவிடவில்லை என்பதே நம் எண்ணம். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று மனிதவளத் துறை இருக்கிறது. கூட்டத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள், கருத்து எழுதிக் கொடுக்கிறார்கள். நாம் கல்லாவை விட்டு எழுந்து போக முடியாது. நாம் சொல்லாததால் நம் வேலை ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் ஏறாததால் கல்லூரியிலோ பயிற்சி நிலையத்திலோ அதைச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. 2022 மார்ச்சில் தமிழக அரசு நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியபோது கல்லூரி மாணவர்களுக்கு வேலைக்கேற்ற குறும்படிப்புகள் பாடத்திட்டத்தோடு சேர்ந்து வந்தன. அதில் மென்பொருள் கம்பெனிகளும் பெரிய தொழிற்சாலைகளும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ஆள் வைத்திருந்தன. மாவட்டத் தலைநகரத்து மொத்த வியாபாரி சார்பில் யார் போய்ச் சொன்னார்கள்?

ஒரே இரவில் மாறிய பில்

பட்டம் போதாது, குறுஞ்சான்று வேண்டும் என்று சொல்வதற்குச் சமீபத்தில் நாம் எல்லாரும் பட்ட பாடே போதுமான சாட்சி. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய், சரக்குகள் 5-க்கும் 18-க்கும் இடம் மாறின. சோப்பு, ஷாம்பூ, பற்பசை, பிஸ்கெட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. சிமெண்ட் 28-லிருந்து 18 ஆனது. முந்தின நாள் இரவு கடையை மூடும்போது ஒரு விலை, மறுநாள் திறக்கும்போது வேறு விலை. குடோனில் பழைய சரக்கு பழைய விலையோடு இருக்கிறது. பில்லிங் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான அயிட்டங்களுக்கு வரியை மாற்ற வேண்டும். எச்.எஸ்.என். எண் தப்பாகப் போயிருந்தால் வரியும் தப்பாகப் போகும்.

அன்றைக்கு உங்கள் கடையில் அந்த வேலையைச் செய்தது யார்? பல கடைகளில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டு மதியம் வரை கையெழுத்து பில் கொடுத்தார்கள். சில கடைகளில் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் படித்த ஒரு பெண் அமைதியாக உட்கார்ந்து இரவோடு இரவாக மாற்றி முடித்திருப்பார். அந்தப் பெண்ணிடம் அதற்கு ஒரு சான்றும் இல்லை. பக்கத்தில் நின்ற பி.காம். பட்டதாரியிடம் சான்று இருக்கிறது, வேலை தெரியவில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கல்லூரியை முடித்து வெளியே வந்த பிள்ளை படித்தது பழைய வாட் வரி. பட்டத்தைத் திரும்பப் படிக்கச் சொல்ல முடியாது. "பில்லிங்கில் வரி அமைத்தல், 2025 விகிதப்படி" என்று இருபது மணி நேரத்தில் ஒரு சான்று இருந்தால், அதைப் படிக்கச் சொல்லலாம். அடுத்த மாற்றம் வரும்போது மறுபடி ஒரு நாள் உட்காரச் சொல்லலாம். தேதி போட்ட சான்று சிறியதாக இருப்பதில் இருக்கும் சௌகரியம் இதுதான்.

உணவுப் பொருள் வியாபாரிகளுக்கு இப்படி ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் தொடங்கிய பயிற்சி அது. லைசென்ஸ் பெற்ற கடைகளிலும் ஓட்டல்களிலும் உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது அந்தப் பயிற்சி முடித்த மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்கிறார்கள். அடிப்படைப் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். சான்று இரண்டு வருடம் செல்லும். இதைத் தண்டமாக நினைத்து யாரோ ஒருவர் பெயரில் வாங்கிச் சுவரில் மாட்டிவிடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. குடோனைப் பார்த்துக்கொள்கிற ஆளையே அனுப்பினால், காலாவதி பார்ப்பதிலும் எலி, பூச்சி சங்கதியிலும் அவர் திரும்பி வந்து செய்யும் மாற்றம் மாதக் கடைசியில் கழிவுச் சரக்கின் மதிப்பிலேயே தெரியும்.

கவுண்டரில் கழிந்த வருடங்கள்

இனி நமக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் விஷயம். ஒவ்வொரு பழைய கடையிலும் ஒருவர் இருப்பார். பதினாறு, பதினேழு வயதில் வந்து சேர்ந்தவர். இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். சரக்கு எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரைக் கேட்பதைவிட அவரைக் கேட்பது சீக்கிரம். முதலாளி வெளியூர் போனால் கல்லாச் சாவி அவரிடம்தான். அவருடைய கல்வித் தகுதி எட்டாம் வகுப்பு. கடையை முதலாளியின் மகன் எடுத்து நடத்த விரும்பவில்லை, மூடிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படி மூடிய கடைகள் ஒவ்வொரு ஊரிலும் நம் கண்ணுக்கு முன் இருக்கின்றன. அந்த மனிதர் இன்னொரு இடத்துக்குப் போய் நின்றால், எட்டாம் வகுப்புப் படித்தவர் என்றே எழுதிக்கொள்வார்கள். செக்யூரிட்டி வேலைக்குத்தான் அனுப்புவார்கள். முப்பது வருடம் பருப்பையும் மனிதர்களையும் எடைபோட்ட அறிவு அங்கே செல்லாத காசு.

இவர்களுக்காகவே முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது. 2015-ல் தொடங்கிய கௌஷல் விகாஸ் திட்டத்தின் ஒரு பகுதியாக இது வந்தது. மாதக்கணக்கில் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ஏற்கெனவே தெரிந்ததைச் சோதித்துப் பார்த்து, குறைந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிக்கொடுத்துச் சான்று தருவார்கள். கட்டட வேலை, தையல் போன்ற தொழில்களில் பலர் இப்படி வாங்கியிருக்கிறார்கள். கடை ஊழியர்களை அனுப்பிவைத்த முதலாளிகள் குறைவு. சோதிக்கிறவருக்கு நம் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு கவலை. கேள்வித்தாளில் பார்கோடு பற்றி மட்டும் கேட்டால் அந்தப் பெரியவர் தோற்றுப் போவார். மாதிரிப் பருப்பு ஐந்து ரகம் வைத்துப் பிரிக்கச் சொன்னால், சோதிக்க வந்தவரே அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டு போவார்.

"போய்விடுவானே!"

இதையெல்லாம் சொன்னால் நம் உறுப்பினர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று. செலவு செய்து படிக்க வைத்து, கையில் சான்றும் வாங்கிக் கொடுத்தால் மறு மாதமே பக்கத்துக் கடைக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ போய்விடுவானே என்று. நியாயமான பயம், சிரித்துத் தள்ளக் கூடியதல்ல. ஐந்து பேர் வேலை செய்யும் கடையில் ஒருவர் போனாலும் ஒரு கை போன மாதிரி.

ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். சான்று இல்லாதவர்கள் மட்டும் நம்மிடம் தங்கிவிடுகிறார்களா? தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர் பொங்கல் வரை திரும்பி வராத அனுபவம் இல்லாத கடை உண்டா? இன்றைய பிள்ளைகள் ஏன் கடை வேலைக்கு வரத் தயங்குகிறார்கள் என்று கேட்டால், சம்பளத்தோடு சேர்த்து இன்னொன்றும் சொல்கிறார்கள். ஐந்து வருடம் கடையில் நின்றாலும் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. கம்பெனியில் ஒரு வருடம் இருந்தால் அனுபவச் சான்று கிடைக்கும், கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகிற இடத்தில் சொல்ல ஒரு பதவியின் பெயர் கிடைக்கும். வீட்டு வாசலுக்குச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிகளின் குடோன்களில் வேலை நம் கடையைவிடச் சுகமானதல்ல. அங்கே அடையாள அட்டையும் பதவிப் பெயரும் இருக்கின்றன. நாம் அதைக் கூடக் கொடுப்பதில்லை.

சான்று வாங்கியவர் நிற்க வேண்டுமானால் சான்றுக்குச் சம்பளத்தில் இடம் இருக்க வேண்டும். இதில் சுற்றி வளைத்துப் பேசப் பயனில்லை. ஒரு சான்றுக்கு மாதம் ஐந்நூறோ எழுநூறோ கூடுதல் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தால், அடுத்தவரும் படிப்பார். அதைத் தராமல் சான்றை மட்டும் கேட்டால், வாங்குகிறவர் அதை நமக்காக வாங்க மாட்டார். நம்மை விட்டுப் போவதற்காக வாங்குவார்.

சான்றால் ஆகாத காரியங்களும் உண்டு. கை சுத்தம், நேரத்துக்கு வருவது, வாடிக்கையாளர் கோபப்பட்டால் பொறுத்துக்கொள்வது, இவற்றுக்கு எந்த நிறுவனமும் முத்திரை குத்த முடியாது. அங்கே தெரிந்தவர் சொல்லும் வார்த்தையும், நாம் கூடவே வைத்துப் பார்ப்பதும்தான் வழி. ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் சான்று என்று விளம்பரம் செய்து காசு வாங்கும் இடங்களும் இருக்கின்றன. அப்படி ஒரு காகிதத்தோடு வருகிறவரைத் திட்டி அனுப்பாமல், அரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துப் பத்து கொள்முதல் பில்லைப் பதியச் சொல்லிப் பார்த்தால் போதும். காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றியது அவர் இல்லை; ஏமாந்தது அவர்.

நாம் செய்யக்கூடியது

சட்டப்படி நமக்கு இருக்கும் ஒரு வசதியைப் பலர் கவனிக்கவில்லை. 2019-ல் தொழிற்பழகுநர் விதிகளைத் திருத்தினார்கள். 30 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பழகுநர் வைப்பது கட்டாயம். நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளலாம். 2016-ல் வந்த ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநருக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், அரசு ஏற்கும் என்று வைத்தார்கள். ஒரு பையனை ஆறு மாதமோ ஒரு வருடமோ முறையாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, முடிவில் சான்றோடு அவனை அனுப்பவோ, நம்மிடமே வைத்துக்கொள்ளவோ முடியும். நான்கைந்து பேர் உள்ள கடைக்கு எழுத்து வேலை சுமையாகத் தோன்றும். தனித்தனியாகச் செய்யாமல் ஒரே தெருவின் பத்துக் கடைகள் சங்கத்தின் மூலம் சேர்ந்து செய்தால் அந்தச் சுமை ஒரு குமாஸ்தாவின் வேலைதான்.

அதற்கு முன் நாம் முடிக்க வேண்டிய வீட்டுப்பாடம் ஒன்று. என்ன தெரிந்த ஆள் வேண்டும் என்று நாமே எழுதியாக வேண்டும். கல்லூரி முதல்வரிடமோ, தொழிற்பயிற்சி நிலையத்திடமோ, திறன் குழுமத்திடமோ போய் நின்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "நல்ல பையன் வேண்டும்" என்ற பதிலை வைத்துக்கொண்டு யாராலும் பாடம் எழுத முடியாது. "ஒரு நாளில் நாற்பது கொள்முதல் பில் தப்பில்லாமல் பதிய வேண்டும்", "நூறு சதுர அடி குடோனில் இருப்புக் கணக்கை அரை நாளில் எடுக்க வேண்டும்", "ஐந்து ரகம் துவரம் பருப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும்", "பட்டையும் பருத்தியையும் கலப்பு நூலையும் நெருப்பில் காட்டிப் பிரிக்கத் தெரிய வேண்டும்" என்று சொன்னால் முடியும். சோதிக்கவும் முடியும்.

ஆகவே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தங்கள் கடையில் ஒரு நாளில் நடக்கும் வேலைகளை இந்த மாதிரி ஒவ்வொரு வரியாக எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதற்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். அந்த வேலை தெரிந்து சான்றோடு வருகிறவருக்கு மாதம் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். மளிகை, ஜவுளி, இரும்பு, எலக்ட்ரிகல், மண்டி என்று தொழில்வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ள வசதியாக, தாளின் மேலே கடையின் பெயருக்குக் கீழ் தொழிலின் பெயர் இருக்கட்டும். கடையில் பல வருடம் இருக்கும் ஊழியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் நல்லது. நமக்கு மறந்துபோன பல வேலைகள் அவருக்கு நினைவிருக்கும்.